கோடு இல்லாத திரை

ஜிப்பக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கை காட்டிவிடுவார்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் பல் போன ஜிப்புகளையெல்லாம் பிடுங்கிப் புதிது வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜிப் மட்டுமா? இடுப்பைப் பிரித்து அகலமாக்குவது, கால் நீளத்தைக் குறைப்பது, கழன்ற காலரைத் திருப்பி வைப்பது எல்லாம்தான். உண்டு கொழுத்தவர்களும் கவலையில் இளைத்தவர்களும் கடைசியில் அவளிடம்தான் வந்தாக வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. யாரோ தைத்து, யாரோ கிழித்ததைத்தான் இத்தனை காலமும் அவள் சரிசெய்திருக்கிறாள். முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் இது நான் தைத்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாமான் உலகத்தில் கிடையாது. புதுச்சட்டை தைப்பவர்கள் பெரிய கடைக்குப் போவார்கள். அங்கே தைத்தது அக்குளில் பிடித்தால் இவளிடம் வருவார்கள். மாடி வீட்டில் குடியிருந்த நாத்தனார் இதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்காட்டுவாள். தம்பி பெண்டாட்டிக்கு ரிப்பேர் பண்ண வரும், புதுசா ஒண்ணு பண்ண வராது என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பில்தான் ஜிப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் நகர அரங்கத்தின் மேலாளர், கைப்பையை முன்னால் பிடித்து மறைத்தபடி, சுவரோரமாக நடந்து வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஜிப்பக்கா ஒன்றும் கேட்காமல் கணவரின் கால்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். கணவர் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர், ஆள் வாட்டசாட்டம். அந்தக் கால்சட்டைக்குள் மேலாளரைப் போல இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். அதை இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்த மனிதர், மானம்தான் போய்விட்டதே, இனி என்ன என்று நினைத்தாரோ என்னவோ, மனம் விட்டுப் புலம்ப ஆரம்பித்தார்.

அரங்கத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். நாற்காலி புதிது, விளக்கு புதிது, மேடைப் பலகை புதிது. திறப்பு விழாவுக்கு நாடகக் குழு ஒன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடைத் திரை மட்டும் இல்லை. பழைய திரையை மடித்து வைத்த இடத்தில் எலிகள் குடும்பத்தோடு விருந்து சாப்பிட்டுவிட்டன. புதுத்திரைக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் வாங்கியாகிவிட்டது. தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனமோ, விழா முடிந்த பிறகுதான் முடியும் என்று இப்போது கையை விரித்துவிட்டது.

ஜிப்பக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "நான் தச்சுத் தர்றேன்" என்றாள்.

வாய் சொல்லிவிட்டது. மூளை அப்புறம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மேலாளர் அவளைப் பார்த்தார், முன்னறையைப் பார்த்தார், அவள் சரிசெய்து கையில் கொடுத்த தன் கால்சட்டையின் புது ஜிப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வேறு போக்கிடம் இருந்தால் அவர் யோசித்திருப்பார். போக்கிடம் இல்லாததால் சரி என்றார்.

துணி வந்து இறங்கிய அன்று வீட்டுக்குள் நடக்க வழி இல்லாமல் போனது. ஆள் கனத்துக்கு உருளை உருளையாக வெல்வெட். திரை இரண்டு பாதி, ஒவ்வொரு பாதிக்கும் ஆறு துண்டு, ஒவ்வொரு துண்டும் இரண்டு மாடி உயரம். நாத்தனார் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யானையைக் கொண்டுவந்து அடுப்படியில் கட்டியிருக்கிறாயே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சில நாள் ஜிப்பக்கா அந்த உருளைகளைத் தொடவே இல்லை. அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். வந்த ஜிப்புகளை வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தாள். நான் ஏன் வாயைக் கொடுத்தேன் என்று கணவரிடம் புலம்பினாள். முழுசாக நினைத்தால் கை ஓட மாட்டேன் என்கிறது என்றாள்.

கணவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கிடங்கில் லாரி வந்து நின்றால் நாங்கள் லாரியைப் பார்க்க மாட்டோம், கையிலிருக்கிற பெட்டியைத்தான் பார்ப்போம் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அது ஜிப்பக்காவின் காதில் விழுந்து, வேறு மாதிரி முளைத்தது. மறுநாள் டேப்பை எடுத்து வெல்வெட்டின் நீளத்தை அளந்தாள். ஒரு துண்டின் ஓரத்தைத் தைப்பது என்றால் எவ்வளவு? ஆறேழு கால்சட்டைக் கால் நீளம். அவ்வளவுதானே! கால்சட்டைக் கால் அவள் தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் தைப்பாள். அந்தக் கணத்திலிருந்து அது மேடைத் திரை இல்லை. கொஞ்சம் அதிகமாகக் குவிந்துவிட்ட கால்சட்டைகள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சே கால் கணக்கில்தான். கணவர் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்கு முன்னால் இன்றைக்கு எத்தனை கால் என்று கேட்பார். முதலில் வெட்டு மட்டும். வெட்டு முடியும்வரை தையலை நினைக்கவே கூடாது. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் கீழ்மடிப்பு. பிறகு மேல்பட்டியும் கட்டு நாடாவும். கடைசியில்தான் துண்டோடு துண்டைச் சேர்ப்பது. அன்றைய பங்கு முடிந்தால் மெஷினுக்கு மூடி போட்டுவிடுவாள். மனசு இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினாலும் விட மாட்டாள்.

வெட்டும் வேலையில் கணவர்தான் வலது கை. வீட்டுக்குள் இடமில்லாததால் கட்டடத்தின் நீண்ட நடைபாதையில் துணியை விரித்தார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகத் தாண்டிப் போனார்கள். அவள் வெட்ட வெட்ட, அவர் ஒவ்வொன்றையும் மடித்துக் கொண்டுபோய் உள்ளறைக் கட்டிலில் அடுக்கினார். சன்னல் பக்கம் துண்டின் தலை, சுவர் பக்கம் கால் என்று அவள் சொல்லியிருந்தாள். வெல்வெட்டுக்குத் தலையும் காலும் முக்கியம். பூனையின் முதுகைப் போல அதற்கும் மயிர் ஒரு பக்கமாகத்தான் படியும். அந்தத் திசையில் தடவினால் வழுவழு, எதிரே தடவினால் சொரசொர. மயிர் மேல்நோக்கி இருந்தால் விளக்கு வெளிச்சத்தை விழுங்கி நிறம் ஆழமாகத் தெரியும். கீழ்நோக்கி இருந்தால் வெளிறிப் பளபளக்கும். தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஜிப்பக்காவுக்கும் தெரியும்.

மாலையில் உள்ளே போய்ப் பார்த்தாள். அடுக்கு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. சாய்வு கிடையாது, பிதுக்கம் கிடையாது, அளந்து கட்டிய சுவர் மாதிரி நின்றது. உங்கள் கை கைதான் என்று அவரைப் பாராட்டினாள். அவருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து சில வாரம் அவர்கள் இருவரும் தரையில்தான் படுத்தார்கள்.

வேலை ஓடியது. கால் மேல் கால் முடிந்தது. அடுக்கிலிருந்து ஒன்றை எடுப்பாள், சுவர்ப்பக்க முனையில் கீழ்மடிப்பு அடிப்பாள், மறுமுனையில் பட்டி வைப்பாள், தூசு படாமல் பழைய போர்வையில் சுற்றி வைப்பாள். தைக்கும்போது மயிர்ப் பக்கம் உள்ளே இருக்கும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் துணியின் பின்புறம். துண்டோடு துண்டைச் சேர்த்தபோதும் அப்படியே. அந்த அறையில் ஒரே நேரத்தில் ஒன்றரைத் துண்டைக்கூட விரிக்க முடியாது. விரித்துப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைய கால் கணக்கை அன்றைக்கு முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் புத்தியில் இருந்தது. கடைசித் தையலை முடித்துவிட்டு அவள் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். நாத்தனார்கூட இறங்கி வந்து, பரவாயில்லையே, முடித்துவிட்டாயே என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

கிடங்கு வேனில் ஏற்றி அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மேடையில் குறுக்குக் குழாயைக் கயிற்றால் தரைவரை இறக்கியிருந்தார்கள். குழாயில் ஓடும் வளையங்களில் நாடாக்களை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். நான்கு பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, கருஞ்சிவப்பு மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஜிப்பக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் தைத்தது, நான் தைத்தது என்று மனசு தாளம் போட்டது. மேலாளர் விளக்குக்காரருக்குச் சைகை காட்டினார். முன் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

திரையில் கோடு விழுந்திருந்தது. ஒரு துண்டு ஆழ்ந்த சிவப்பு, அடுத்த துண்டு வெளிறிய சிவப்பு, மறுபடி ஆழ்ந்தது, மறுபடி வெளிறியது. மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாக. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு வெளிறிய துண்டுகள் அடுத்தடுத்து நின்றன.

ஜிப்பக்காவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தலைகீழ். பாதித் துண்டுகள் தலைகீழ். ஓடிப்போய்க் குழாயோடு சேர்த்து இழுத்து இறக்கிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. அதற்குள் மேலாளர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். ஒத்திகைக்கு வந்திருந்த நடிகர்களும் தட்டினார்கள். என்ன ஒரு கற்பனை, ஒரே துணியில் இரண்டு நிறம் காட்டியிருக்கிறார்களே என்று ஒருவர் வியந்தார். அந்த இரட்டைப் பட்டைதான் இதில் விசேஷம், வேண்டுமென்றே வரிசையை உடைத்திருக்கிறார்கள், அதுதான் கலை என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். கூட வந்திருந்த நாத்தனார் அங்கேயே இரண்டு பேரிடம், கோடு கோடாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆரம்பத்திலேயே நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டாள். ஜிப்பக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் ஒருவர்தான் கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், முகம் செத்துப்போயிருந்தது.

நாத்தனார் அங்கேயே தங்கிவிட, இருவரும் திரும்பி வரும் வழியில் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கணவரே சொன்னார். கட்டிலில் ஒரே பக்கமாக அடுக்கியபோது வெல்வெட் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்ததாம். சரக்கு நகர்ந்தால் கிடங்கில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். ஒன்று விட்டு ஒன்று தலைமாற்றி வைத்தார். அடுக்கு அசையாமல் நின்றுவிட்டது. ஓரிடத்தில் ஏதோ யோசனையில் அடுத்தடுத்த இரண்டை மட்டும் ஒரே பக்கமாக வைத்துவிட்டிருக்கிறார்.

"சாயக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. அத்தனை துண்டும் அவள் கைக்குள் புகுந்துதானே போயின. அடுக்கை அழகு பார்த்துப் பாராட்டியவளும் அவள்தானே. வண்டியை எடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சில நாள் அவளுக்கு ராஜமரியாதை. தெருவில் போனால் கோட்டுத் திரை தைத்த அக்கா என்று காட்டினார்கள். ஜிப் மாற்ற வந்தவர்கள்கூடக் கொஞ்சம் பணிவாகப் பேசினார்கள். பேசாமல் இருந்துவிட்டால் போதும். கணவர் சொல்ல மாட்டார். வெல்வெட் தெரிந்த யாராவது வந்து பார்த்தாலும் வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல இருந்தது. ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதைத் தன்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் கத்திரிக்கோலையும் தையல் பிரிக்கும் முள்ளையும் பையில் போட்டுக்கொண்டு நேரே அரங்கத்துக்குப் போனாள்.

மேலாளர் முதலில் சிரித்தார். பிறகு அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் பதறினார். திறப்பு விழா நெருங்கிவிட்டது, மதியத்திலிருந்து மேடை ஒத்திகைக்கு வேண்டும், திரையைக் கழற்றினால் மாட்டுவது யார் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். திரையைக் கழற்ற வேண்டாம். காலையில் குழாயை இறக்கட்டும். ஒரே ஒரு துண்டைப் பிரித்து, திருப்பி, தைத்து, சேர்த்துவிடுவாள். மதியம் நாடகக்காரர்கள் வரும்போது திரை மேலே இருக்கும். மறுநாள் அடுத்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கு. எல்லாரும் பாராட்டறாங்களே" என்றார் மேலாளர்.

"அவங்க பாராட்டறது கோட்டை. நான் கோடு தைக்கலைங்க" என்றாள் ஜிப்பக்கா.

மேலாளர் அரைமனதாகச் சம்மதித்தார். ஒரு நாள் மதியம் திரை தரையில் கிடந்தாலும் அத்தோடு வேலை நின்றுவிடும் என்று எச்சரித்தார். பாதி மாற்றி பாதி மாற்றாமல் நின்றுபோனால்? அவமானம்தான். கோடும் இல்லை, திரையும் இல்லை என்று ஆகிவிடும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. சரி என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் நாத்தனார் குதித்தாள். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே, அவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? ஜிப்பக்கா இந்தத் தடவை பணிந்து போகவில்லை.

"அண்ணி, எனக்குப் புதுசா ஒண்ணு பண்ண வராதுன்னு சொல்வீங்கல்ல. இப்ப இருக்கறது அதுதான். நான் பண்ணலை, தானா வந்துச்சு. இனிமேதான் பண்ணப் போறேன்."

நாத்தனார் தடதடவென்று மாடிக்குப் போய்விட்டாள்.

மெஷின் மேடைக்குக் குடிபெயர்ந்தது. கணவர் மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டு காலையில் கூட வந்தார். பெட்டி தூக்கித் தூக்கித் தடித்துப்போன விரல்களால் அவர் தையல் பிரிக்க உட்கார்ந்தபோது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாக, துணியில் கீறல் படாமல் அவர் பிரித்தார். ஒரு காலையில் யார் முகத்தையும் பார்க்காமல் நாத்தனார் மின்கெண்டியும் கையுமாக வந்து நின்றாள். சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இங்கே உட்காரலாமே என்று கெண்டியிடம் சொன்னாள். பிரித்த இடத்தில் ஊசித் தடமும் மடிப்புத் தடமும் வெல்வெட்டில் தெரியும். பின்புறத்திலிருந்து ஆவி காட்டினால் மயிர் எழுந்து தடத்தை மூடிக்கொள்ளும். அந்த வேலை நாத்தனார் கைக்குப் போனது. குழந்தைக்கு மருந்து கொடுப்பது போல அத்தனை கவனமாகச் செய்தாள். பட்டி வைத்திருந்த முனையில் ஊசித் தடம் அதிகம். கீழ்மடிப்பு அகலமானது என்பதால் அந்தத் தடத்தையெல்லாம் மடிப்புக்கு உள்ளே அனுப்பிவிட முடியும் என்று ஜிப்பக்கா கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு பொய்க்கவில்லை.

இந்தத் தடவையும் அவள் ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் நினைத்தாள். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டாள். துண்டைத் திருப்பியதும் உள்ளங்கையால் தடவுவாள், பக்கத்துத் துண்டையும் தடவுவாள். சேர்த்து முடித்துக் குழாய் மேலே ஏறியதும் மேடையை விட்டு இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து முழுத் திரையையும் பார்ப்பாள். கணவர் சாப்பிடக் கூப்பிட்டாலும் அசைய மாட்டாள். போதும் என்று பட்ட பிறகுதான் எழுந்திருப்பாள்.

கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. நாடகக்காரர்களுக்கு வருத்தம். இன்றைக்கு ஒரு கோட்டைக் கொன்றுவிட்டீர்களா அக்கா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். நடுவில் ஒரு நாள் மெஷின் ஊசி முறிந்து, மாற்று ஊசியும் முறிந்து, மதியம் நெருங்கிவிட்டது. திறந்த தையலோடு துண்டு தொங்குகிறது, வாசலில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. மிச்சத்தை அவள் கையாலேயே தைத்தாள். ஒரு முனையிலிருந்து அவள், மறுமுனையில் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கணவர், நடுவில் நூல் கோத்துக் கோத்து நீட்டிய நாத்தனார். மேலாளர் மேடைக்கு வந்து சேர்ந்தபோது குழாய் மேலே போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றார்கள். அந்தக் கைத்தையலை அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக மெஷினில் அழுத்தி அடித்தாள்.

கடைசியாக அந்த இரட்டைப் பட்டை. அதையும் மாற்றி மேலே ஏற்றிவிட்டு அவள் கடைசி வரிசைக்குப் போனபோது கூடவே மற்ற இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எரிந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே கருஞ்சிவப்பு. கண் எங்கேயும் தடுக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. யாரும் கைதட்டவில்லை, தட்ட அங்கே யாரும் இல்லை. நெஞ்சு நிறைந்து, மூச்சு விட இடமில்லாத அளவுக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. கணவர் மூக்கைச் சிந்தினார்.

விழா அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. நாற்காலி செய்தவருக்கு நன்றி சொன்னார்கள், விளக்குப் போட்டவருக்கு நன்றி சொன்னார்கள். திரையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கோடு இருந்திருந்தால் மாலையே போட்டிருப்பார்கள் என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். ஜிப்பக்காவுக்கும் லேசாக வலித்தது. அவளும் மனுஷிதானே.

பேச்சுகள் முடிந்து கூடத்து விளக்குகள் அணைந்தன. மேடை விளக்கு மட்டும் மூடிய திரையின் மேல் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"இவ்வளவு அகலத்துல துணி எங்கதான் நெய்யறாங்களோ தெரியலை" என்றாள், பொதுவாக.

ஜிப்பக்காவின் மறுபக்கத்தில் கணவரும் அவருக்கு அடுத்து நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் வாயைத் திறந்துவிட்டாள். கணவர் முழங்கையால் அவளை இடித்து அடக்கினார். வேறு யாரும் இதைச் சொல்லிவிடக் கூடாது, ஜிப்பக்காவேதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒரே துணி இல்லைங்க. பாதிக்கு ஆறு, மொத்தம் பன்னெண்டு துண்டு" என்றாள் ஜிப்பக்கா. குரல் கொஞ்சம் தடுமாறி, பிறகு நேரானது. "நான் தச்சது."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, இணைப்பைத் தேடினாள். மேடைக்குப் பின்னாலிருந்து மணி அடிக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

"எங்கேம்மா சேர்த்திருக்கீங்க? தெரியவே இல்லையே" என்றாள்.

"தெரியாதுங்க" என்றாள் ஜிப்பக்கா. மணி இரண்டாம் தரம் அடித்தது. திரை நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்க, நாடகம் தொடங்கியது.